நூற்று நாற்பதுக்குத் தொண்ணூற்றிரண்டு

எலிசோவின் காப்பிக்கடைச் சன்னலை
இனி நான் அளக்க வேண்டியதில்லை.
அகலம் நூற்று நாற்பது, உயரம் தொண்ணூற்றிரண்டு,
கனம் ஆறு மில்லிமீட்டர்.
மனைவியின் பிறந்தநாள் மறந்துபோகும்,
இது மறக்காது.

முதல்முறை உடைந்தபோது பனிக்காலம்.
இரண்டாம் முறை ஈஸ்டருக்கு மறுநாள்.
மூன்றாம் முறை ஏன் என்று யாரும் கேட்கவில்லை,
நானும் கேட்கவில்லை.
குத்தாயிசியில் வெறுப்பு இருக்கும்வரை
உன் அடுப்பு எரியும் நூக்சார் என்று
சந்தையில் ஒருவன் சொன்னான்.
சிரித்தேன்.
அந்தச் சிரிப்பை இப்போது
எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை.

எலிசோவும் மக்வலாவும்
பதினோரு வருடமாக ஒரே வீடு, ஒரே கட்டில்.
வியாழன்தோறும் அவர்கள் கடைக்கு வருகிறவர்கள்:
பச்சை நகப்பூச்சோடு ஒரு தபால்காரப் பையன்,
ஆண் என்று அச்சிட்ட அடையாள அட்டையைக்
கைப்பையில் குப்புறப் போட்டு வைத்திருக்கும் டாலி,
தெருவில் பிடிக்காத கையை
உள்ளே வந்ததும் பிடித்துக்கொள்ளும்
இரண்டு கணக்கு வாத்தியார்கள்.
சீட்டு ஆடுவார்கள்,
நடுநடுவே கள்ளாட்டமும்.

கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதாம்.
அவர்களுக்கு இரண்டும் பட்டன.
நடுவில் இருந்தது
நான் விற்ற கண்ணாடி.

நான்காம் முறை
சில்லுகளைக் கூட்டும்போது கல் கிடைத்தது.
ரியோனி ஆற்றுக் கல், உருண்டை, வெளுப்பு.
தாளில் சுற்றி நூல் கட்டியிருந்தது.
'அடுத்தது தலை' என்று எழுதியிருந்தது.
தாளைத் திருப்பினேன்.
நீலக் கட்டங்கள்.
மூலையில் என் கடைப் பெயர்.
ரசீது எண் இருநூற்றுப் பதினேழு.
அந்த இழுப்பறைக்கு இரண்டே சாவி,
ஒன்று என் இடுப்பில்.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு.
பொன்குஞ்சின் கையெழுத்து
வலப்பக்கம் சாய்ந்திருக்கும்,
பள்ளிக்கூடத்திலிருந்தே.

மக்வலா பார்த்துவிட்டாள்.
ஒன்றும் சொல்லாமல் தேநீர் கொண்டுவந்து வைத்தாள்.
ஏசியிருந்தால்
எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

பக்காரை நான் அடிக்கவில்லை.
அடிப்பது அவனுக்கு ஏற்கெனவே தெரிந்த பாடம்.
வண்டியில் ஏறு என்றேன்.
அந்த முனையை அவன் பிடித்தான்,
இந்த முனையை நான்.
கண்ணாடி சுமக்கிறவன்
கையை முஷ்டியாக்க முடியாது.
உள்ளிருந்து எலிசோ,
"கொஞ்சம் இடப்பக்கம், தம்பி" என்றாள்.
நகர்ந்தான்.
மன்னிப்புக் கேட்டானா என்றால், இல்லை.
காது மட்டும் சிவந்திருந்தது.
பத்தொன்பது வயது.
எந்தப் பக்கம் போவான் என்று
இன்னும் எனக்குத் தெரியாது.

கூலியை வாங்கவில்லை.
முன்பு வாங்கிய மூன்று கூலியையும்
உறையில் போட்டு நீட்டினேன்.
எண்ணிப் பார்த்து எடுத்துக்கொண்டாள் எலிசோ.
நன்றி சொல்லவில்லை.
சரிதான்.

இன்று வியாழன். மழை.
சட்டத்தில் பூசிய மக்கு இன்னும் காயவில்லை,
ஆளிவிதை எண்ணெய் வாசம்.
தெருமுனையில் நாலைந்து பேர் நிற்கிறார்கள்.
அவர்களில் ஒருவனை
ஞானஸ்நானத்தின்போது கையில் ஏந்தியவன் நான்.
சன்னலோர மேசையில்
ஒரு வருடமாக யாரும் உட்காருவதில்லை.
போய் உட்கார்ந்தேன்,
தெருவுக்கு முதுகைக் காட்டி.
கண்ணாடி சுமந்து அகன்ற முதுகு,
பாதிச் சன்னலை மறைக்கும்.
எறிகிறவனுக்கு
முதலில் என் பிடரி தெரியட்டும்.

பிடரி கூசுகிறது, பொய் சொல்லமாட்டேன்.

டாலி சீட்டைக் கலைத்து
எனக்கும் ஏழு போட்டாள்.
எனக்கு ஆடத் தெரியாதே என்றேன்.
"அதனால்தான் போடுகிறேன்" என்றாள்.